கறுப்புத் திரையும் கறண்டும்: "த சொப்ரானோஸ்" கடைசி எபிசோட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் வெள்ளிக்கிழமை இரவுகளில் படம் போடுவோம். பழைய புரொஜெக்டர் ஒன்று, அயல் வீடுகளில் இரவல் வாங்கிய கதிரைகள், ஒரு கேத்தல் பிளேன்ரீ. "த சொப்ரானோஸ்" என்ற அமெரிக்கக் குற்றத் தொடரின் 86 எபிசோட்டையும் அப்படித்தான் பார்த்து முடித்தோம். திருவிழா, மழை, பிள்ளைகளின் சோதனை என்று இடையில் நின்றுபோன வாரங்களையும் சேர்த்தால் ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. கடைசி எபிசோட் ஓடியது ஒரு மார்கழி மழை இரவில்.

அதன் பிறகு கேள்விகள் நிற்கவில்லை. அரசடியில் இருக்கும் என் போட்டோகொப்பிக் கடைக்கு அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்த ஒருவர், மீதிக் காசை வாங்கிக்கொண்டு போகாமல் நின்று, "சரி, அவன் செத்தவனா?" என்று கேட்டார். ஒரே பதிலை ஆளுக்கு ஆள் சொல்லிக் களைத்துப்போய் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன. கதையின் முடிவு முழுவதும் இதில் வரும். இன்னும் பார்க்காதவர்கள் முதலில் 15ஆம் கேள்வியை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

1. இது என்ன நாடகம்? ஆர் எடுத்த? இதுக்கு ஏன் இவ்வளவு அடிபடுறீங்க?

நியூ ஜெர்சியில் குடும்பத்தோடு வாழும் ஒரு மாஃபியாத் தலைவனின் கதை. பெயர் டோனி சொப்ரானோ, நடித்தவர் ஜேம்ஸ் கண்டோல்ஃபினி. கொலை, கப்பம், சூது என்பவை அவன் தொழில். வீட்டில் மனைவி கார்மெலா, மகள் மெடோ, மகன் ஏ.ஜே. இடைக்கிடை மயங்கி விழுவதால் மெல்ஃபி என்ற மனநல வைத்தியரிடம் ஒளித்து ஒளித்துப் போகிறான். டேவிட் சேஸ் உருவாக்கிய இந்தத் தொடர் எச்.பி.ஓ. அலைவரிசையில் 1999 ஜனவரி 10 முதல் 2007 ஜூன் 10 வரை, ஆறு சீசன்களாக ஓடியது.

அடிபடுவதற்குக் காரணம் டோனிதான். ஒருவனின் கழுத்தை நெரித்துவிட்டு வந்து, மகளைப் பல்கலைக்கழகம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிற மனிசன். வெறுக்கவும் முடியாது, விரும்பவும் வெட்கமாக இருக்கும். அப்படி ஒருவனோடு ஒரு வருடம் இருந்துவிட்டால் அவனுக்கு என்ன ஆனது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று மனம் அடம்பிடிக்கும்.

2. கடைசியில என்னதான் நடந்த? நான் இடையில நித்திரையாகிட்டன்.

நியூயோர்க் கூட்டத்தின் தலைவன் ஃபில் லியோடார்டோவோடு டோனிக்குச் சண்டை. இதற்கு முந்தைய எபிசோட்டில் டோனியின் மைத்துனன் பொபியைப் பொம்மை ரயில் கடைக்குள் வைத்துச் சுட்டுவிட்டார்கள். வலக்கையான சில்வியோ ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். டோனி மறைவிடத்தில். கடைசி எபிசோட்டில் ஃபில்லின் ஆட்களே சமாதானத்துக்குச் சம்மதிக்கிறார்கள். ஃபில் ஒரு பெற்றோல் நிலையத்தில் மனைவியும் பேரப்பிள்ளைகளும் பார்த்திருக்கச் சுடப்படுகிறான். அதோடு ஆபத்து தீர்ந்தது என்று எல்லாரும் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். ஆனால் டோனியின் ஆள் கார்லோ பொலிசுக்குச் சாட்சி சொல்லப் போகிறான் என்று தெரியவருகிறது. வழக்கு வர 80, 90 வீதம் சாத்தியம் என்கிறார் வழக்கறிஞர்.

இரவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு டோனி முதலில் வந்து உட்காருகிறான். மேசையில் இருக்கும் சிறிய ஜூக்பொக்ஸில் பாட்டொன்றைத் தெரிவு செய்கிறான். கார்மெலா வருகிறாள், மகன் வருகிறான். மகள் வெளியே காரை நிறுத்தப் படாதபாடு படுகிறாள். ஒருவழியாக நிறுத்திவிட்டு ஓடி வருகிறாள். கதவு மணி அடிக்கிறது. டோனி நிமிர்ந்து பார்க்கிறான். கறுப்பு.

3. கறண்ட் போனதா, இல்ல ஃபைல் பழுதா?

இரண்டுமில்லை. படம், சத்தம், பாட்டு எல்லாம் ஒரே வெட்டில் நிற்கும். சுமார் 10 வினாடிக்கு வெறும் கறுப்பு. பிறகு இசையே இல்லாமல் பெயர்கள் ஓடும். சேஸ் வேண்டுமென்றே வைத்த முடிவு அது. பெயர்கள்கூட இல்லாமல், எச்.பி.ஓ. வின் அடையாளச் சத்தம் வரை கறுப்பாகவே விட அவர் விரும்பினார். இயக்குநர் சங்கம் அதற்கு விலக்குக் கொடுக்கவில்லை.

எங்கள் விறாந்தையில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் பாவம். திரை கறுத்ததும் "சனியன், போயிட்டு" என்று ஒருவர் எழும்பி மெயின் சுவிட்சைப் பார்க்கப் போனார். இன்னொருவர் போனில் டோர்ச் அடித்தார். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்த நாடு, பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. மூலையில் இருந்த சின்னப் பெடியன் ஒருவன்தான், "ஃபேன் சுத்துதே" என்றான். எல்லாரும் மேலே பார்த்தோம். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் பெயர்கள் வரத் தொடங்கின.

4. அமெரிக்காக்காரன் பாத்திட்டு என்ன சொன்னவன்? அவனுக்காவது விளங்கினதா?

எங்களைப் போலத்தான். அன்றிரவு அமெரிக்காவில் ஒரு கோடியே 19 இலட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். முக்கியமான இடத்தில் கேபிள் இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தவர்கள் ஏராளம். கேபிள் இல்லை, முடிவே அதுதான் என்று தெரிந்ததும் கோபம் வந்தது. எட்டு வருடம் காத்திருந்தவர்களை முட்டாளாக்கிவிட்டான் என்று ஒரு பக்கம், தொலைக்காட்சியில் இதுவரை வந்த துணிச்சலான முடிவு என்று மறுபக்கம். அந்த இரண்டு பக்கமும் இன்றுவரை சமாதானமாகவில்லை.

ஒன்பதே நாளில் ஹிலரி கிளின்டனும் பில் கிளின்டனும் அந்தக் காட்சியைக் கேலி செய்து, சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தபடி தேர்தல் பிரசார வீடியோ ஒன்று வெளியிட்டார்கள். அதுவும் கறுப்பில்தான் முடியும். அந்த வருடம் செப்டெம்பரில் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருது சொப்ரானோஸுக்குக் கிடைத்தது, கடைசி எபிசோட்டை எழுதியதற்காகச் சேஸுக்கும் தனியாக ஓர் எம்மி. ஆகவே திட்டியவர்களும் பார்த்தார்கள், பாராட்டியவர்களும் பார்த்தார்கள், பார்க்காதவர்களும் கதைத்தார்கள்.

5. சுத்தி வளைக்காம சொல்லுங்க: டோனி செத்தவனா, இல்லையா?

செத்துவிட்டான் என்றுதான் நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், பிறகு சண்டைக்கு வாருங்கள்.

அந்தச் சாப்பாட்டுக் கடைக் காட்சிக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கதவு திறந்தால் மணி அடிக்கும். டோனி நிமிர்வான், அவன் முகம் தெரியும். அடுத்து, அவன் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அது திரையில் வரும். யாரோ ஒரு பெண் வருகிறாள். மணி, முகம், அவள். கார்மெலா வருகிறாள். மணி, முகம், கார்மெலா. பார்க்கிற நாங்கள் அறியாமலேயே அந்தத் தாளத்துக்குப் பழகிவிடுகிறோம். கடைசித் தடவை மணி அடிக்கிறது, டோனி நிமிர்கிறான், முகம் வருகிறது. அடுத்து அவன் பார்ப்பது வரவேண்டிய இடத்தில் கறுப்பு வருகிறது. அந்த ஒழுங்குப்படி, அவனுக்குத் தெரிவது அதுதான். ஒன்றுமில்லை.

அதோடு, அந்தக் கடைசி ஒன்பது எபிசோட்டின் முதலாவதில் ஓர் ஏரியில் வள்ளத்தில் இருந்து பொபியும் டோனியும் கதைப்பார்கள். சாவு வரும்போது அநேகமாகச் சத்தம்கூடக் கேட்காது என்ற பொருளில் பொபி ஒன்று சொல்வான். கடைசிக்கு முந்தைய எபிசோட்டின் முடிவில், டோனி துப்பாக்கியோடு கட்டிலில் படுத்திருக்கும்போது அந்தப் பேச்சு ஞாபகமாகத் திரும்ப வரும். ஒரு வாரம் கழித்து எங்களுக்கும் சத்தம் கேட்கவில்லை. இதைத் தற்செயல் என்று என்னால் எடுக்க முடியவில்லை.

6. அந்த ஜக்கெட் போட்டுக்கொண்டு வந்தவன் ஆர்? அவன் ஏன் கக்கூசுக்குப் போற?

பெயர் இல்லாத ஆள். "மெம்பர்ஸ் ஒன்லி" என்ற வகை ஜக்கெட் போட்டிருப்பான், ஏ.ஜே. க்கு ஓரடி முன்னால் கடைக்குள் வருவான். கவுண்டரில் இருந்து டோனியின் மேசைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பான், பிறகு கழிப்பறைக்குப் போவான். ஆறாவது சீசனின் முதல் எபிசோட்டுக்கே "மெம்பர்ஸ் ஒன்லி" என்றுதான் பெயர்.

கழிப்பறை விடயம் "த கோட்ஃபாதர்" பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். அதில் உணவகக் கழிப்பறையில் ஒளித்து வைத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்துதான் மைக்கேல் சுடுவான். டோனிக்கு மிகவும் பிடித்த காட்சி அது என்று தொடரிலேயே வருகிறது. நான் அவனைக் கொலைகாரன் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மனிசன் சும்மா மூத்திரம் பெய்யப் போவதை சேஸ் அவ்வளவு கவனமாகப் படம் பிடித்திருக்கமாட்டார்.

7. ஃபில்தான் செத்துட்டானே, மறுகா ஆர் கொல்லுற?

நல்ல கேள்வி, சாகவில்லை என்பவர்களின் கையில் இருக்கும் பலமான கத்தி இதுதான். நியூயோர்க்கோடு சமாதானம் ஆகிவிட்டது. வேறு யாருக்கு என்ன தேவை?

இதற்குப் பலரும் பலதைச் சொல்கிறார்கள். ஃபில்லின் ஆட்களில் யாரோ பழி தீர்த்தார்கள் என்பது ஒன்று. டோனியின் சொந்த ஆளான பட்சி பரிசி செய்தான் என்பது இன்னொன்று. இரண்டாம் சீசன் தொடக்கத்தில் பட்சியின் இரட்டைச் சகோதரனை டோனி கொல்லவைத்தான் என்பது உண்மை. ஆனால் பட்சியின் மகன்தான் மெடோவைக் கட்டப் போகிறவன். சம்பந்தியைச் சாகடித்துவிட்டுக் கலியாண மண்டபம் தேடுகிற மனிசன் எங்கும் இல்லை என்று எங்கள் விறாந்தையில் பெண்கள் ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

என் பதில்: ஆர் என்பது டோனிக்கே தெரியாது, அதனால் எங்களுக்கும் காட்டவில்லை. 5ஆம் பதிலில் சொன்னபடி நாங்கள் அந்த நேரம் அவன் கண்ணுக்குள் இருக்கிறோம். அவன் காணாததை நாங்கள் எப்படிக் காண்பது?

8. மகள் கார் நிறுத்துறதை ஏன் அவ்வளவு நேரம் காட்டுற? எனக்குத் தலையிடி வந்துட்டு.

வரவேண்டும் என்றுதான். முன்னுக்கு எடுக்கிறாள், பின்னுக்கு எடுக்கிறாள், டயர் கட்டில் இடிக்கிறது, திரும்ப எடுக்கிறாள். காத்தான்குடிப் பிரதான வீதியில் பெருநாளுக்கு முதல் நாள் இடம் தேடியவர்களுக்கு இது பயங்கரப் படமே இல்லை, வாழ்க்கை. ஆனால் உள்ளே யார் யாரோ வந்துகொண்டிருக்கும்போது வெளியே ஒருத்தி கார் நிறுத்த முடியாமல் நிற்பது வயிற்றைப் பிசையும்.

டோனியின் பக்கத்து இடம் அவளுக்காகக் காலியாக இருக்கிறது. ஒரு நிமிடம் முன்னால் வந்திருந்தால் அவனுக்குப் பக்கத்தில் மறைப்பாக இருந்திருப்பாள் என்று ஒரு சாரார் சொல்வார்கள். இருக்கலாம்.

9. டைரக்டரிட்டயே கேட்டா முடிஞ்சுதே? அவர் என்ன சொல்லியிருக்கார்?

கேட்டார்கள், ஒவ்வொரு தடவையும் அவர் வேறொரு பக்கம் திரும்பினார். 2007இல், ஒளிபரப்பான கையோடு, திரையில் இருப்பதை விளக்கவோ நியாயப்படுத்தவோ தனக்கு விருப்பமில்லை என்றார். 2014இல் ஓர் ஊடகவியலாளர் கேட்டபோது "இல்லை, சாகவில்லை" என்று சொன்னதாகச் செய்தி வந்து உலகம் கலங்கியது. உடனே அவர் தரப்பில் இருந்து மறுப்பு வந்தது. சொன்னது தவறாக எடுக்கப்பட்டுவிட்டது, உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பது முக்கியமே இல்லை என்றார்கள்.

பிறகு 2021இல் ஒரு பேட்டியில் கொஞ்சம் வாய் திறந்தார். முதலில் அவர் நினைத்திருந்த முடிவு வேறு. டோனி லிங்கன் சுரங்கப்பாதை வழியாக நியூயோர்க்குக்கு ஒரு சந்திப்புக்குப் போவான், அங்கே கொல்லப்படுவான். தொடரின் தொடக்கப் பாட்டில் டோனி அந்தச் சுரங்கத்தில் இருந்து வெளியே வருவது ஞாபகமா? அதன் தலைகீழ். அதன்பின் ஒருநாள் காரில் போகும்போது வழியில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையைக் கண்டு, டோனிக்கு இப்படி ஓர் இடத்தில்தான் அது நடக்கவேண்டும் என்று தோன்றியதாம். இதைவிடத் தெளிவாக அவர் சொல்லவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனாலும் ஒன்று. அவர் "சாகவில்லை" என்று நாளைக்குச் சத்தியம் செய்தாலும் 5ஆம் பதிலில் சொன்ன தாளம் மாறாது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் என்ன நினைத்துப் பழக்கினார் என்பது ஒரு விடயம், களரியில் நாங்கள் கண்டது இன்னொன்று.

10. அந்தப் பாட்டு என்ன? ஏன் அந்த இடத்தில வெட்டுது?

ஜேர்னி என்ற குழுவின் "டோன்ட் ஸ்டாப் பிலீவின்", 1981இல் வந்தது. பாட்டு வெட்டுப்படும் இடத்தில் பாடகர் வாயில் இருப்பது "நிறுத்தாதே" என்ற சொல். அதில் நிறுத்தினார் சேஸ். குசும்பு என்பதா, கொடுமை என்பதா?

அந்தப் பாட்டைப் பயன்படுத்தப் பாடகர் ஸ்டீவ் பெரி இலேசில் சம்மதிக்கவில்லை. தன் குரல் ஓடும்போது டோனியைச் சுட்டுத் தள்ளுவார்களோ என்று பயம். ஒளிபரப்புக்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், காட்சி எப்படி முடிகிறது என்று தெரிந்த பிறகு, ஓம் என்றார். அதன் பின்னர் அந்தப் பழைய பாட்டு திரும்பவும் விற்றுத் தள்ளியது.

11. வெங்காய வளையத்தை ஏன் ஒவ்வொருத்தரும் முழுசா வாயில வைக்கிற?

புளியந்தீவில் இருந்து வரும் அன்ரி இதைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டார். பூசையில் நற்கருணை வாங்குவது போல என்றார். அமெரிக்காவிலும் இதே கருத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள். சொப்ரானோ குடும்பமும் கத்தோலிக்கர்தான். கடித்துத் தின்னாமல் மூன்று பேரும் முழுதாக நாக்கில் வைப்பது எனக்கும் சும்மா செய்ததாகத் தெரியவில்லை. என் மருமகன் மட்டும் "பசியாக்கும்" என்றான்.

12. பூனை?

மறைவிடத்தில் வந்து சேர்ந்த பூனை. டோனி தன் கையால் மூச்சை அடைத்துக் கொன்ற கிறிஸ்டோபரின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். டோனியின் ஆள் போலிக்கு அதைக் கண்டால் நடுக்கம். கிறிஸ்டோபரின் ஆவி என்று சிலர் சொல்கிறார்கள். பூனை பூனைதான், சுவரையும் அப்படித்தான் பார்க்கும்.

13. இவ்வளவு பாவம் செய்தவனுக்குத் தண்டனை காட்ட வேணாமா? இது நியாயமா கா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது, 5க்கு அடுத்தபடியாக, இதுதான். இந்தக் கோபம் எங்கே இருந்து வருகிறது என்று யோசித்தபோது எனக்கு வைகாசி ஞாபகம் வந்தது. இங்கே கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்தால் கண்ணகி கதையான வழக்குரை படிப்பார்கள். கோவலன் வெட்டுப்படுவான் என்று கோயிலில் இருக்கிற குழந்தைக்கும் தெரியும். என்றாலும் அந்த இடம் வரும்போது கண் கலங்கும். கண்ணகி நீதி கேட்பாள், மதுரை எரியும். அங்கே விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. குளிர்த்தி பாடி, அம்மனைக் குளிரப்பண்ணி, அதன் பிறகுதான் கதவு அடைப்பார்கள். தம்பிலுவிலில், காரைதீவில், செட்டிபாளையத்தில் எங்கும் அப்படித்தான். எரிந்தது குளிரவேண்டும். எங்களுக்கு முடிவு என்றால் அது.

சேஸ் குளிர்த்தி ஆடாமல் கதவை அடைத்துவிட்டார். அதுதான் எரிகிறது. டோனி சிறைக்குப் போயிருந்தால், இல்லை இரத்தத்தில் விழுந்து கார்மெலா தலையில் அடித்து அழுதிருந்தால், நாங்களும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மிச்சப் பிளேன்ரீயைக் குடித்திருப்போம். அந்தப் பெருமூச்சை அவர் தரவில்லை. ஒரு வருடம் அந்தக் கொலைகாரனோடு இருந்து சிரித்தவர்களுக்கு அது எதற்கு என்று கேட்கிறார் போலத் தெரிகிறது.

தண்டனை இல்லை என்று சொல்வதும் சரியில்லை. கடைசி எபிசோட்டில் டோனி தன் பெரியப்பா ஜூனியரைப் பார்க்கப் போகும் இடத்தைத் திரும்பப் பாருங்கள். ஒரு காலத்தில் வடக்கு ஜெர்சியையே ஆண்ட மனிசன். ஞாபகம் முழுக்கப் போய், அரச விடுதியில் சக்கர நாற்காலியில் இருக்கிறார். நீங்களும் அப்பாவும்தான் எல்லாவற்றையும் நடத்தினீர்கள் என்று டோனி சொல்ல, அப்படியா, நல்லதுதானே என்பது போல் ஒரு பதில் சொல்வார். டோனிக்குக் கண் நிறைந்துவிடும். சுடப்படாமல் தப்பினாலும் போய்ச் சேருகிற இடம் அது. எனக்கு அந்தக் கறுப்புத் திரையைவிட இந்த ஜன்னலோரம்தான் கூடப் பயம் தந்தது.

14. முடிவு தெரியாத கதை இஞ்ச காணாதா, மனே? அதையும் சுவத்தில போட்டுப் பாக்க வேணுமா?

இதைக் கேட்டது எங்கள் மாமி. அவர் படம் பார்ப்பதில்லை, கேத்தலை வைத்துவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். 1990இல் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் இருந்து ஒரே நாளில் கொண்டுபோகப்பட்ட 158 பேரின் வீடுகளில் இன்னும் இந்த வேறுபாடு தெரியாது: செத்தவரா, இல்லையா. அவர்களைப் போல எத்தனையோ வீடுகள் இந்த மாவட்டத்தில். படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியோரம் நிற்கும் தாய்மாரை நாங்கள் எல்லாரும் கடந்து போயிருக்கிறோம்.

டோனி எழுதப்பட்ட ஆள், அவனை நிறுத்தியவர் ஓர் எழுத்தாளர், பிடிக்காவிட்டால் புரொஜெக்டரை அணைக்கலாம் என்று மாமிக்குச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அது சம்மதமா என்று எனக்குத் தெரியவில்லை. அவரைப் பார்க்கச் சொல்லி நான் பிறகு கேட்கவில்லை.

15. நான் இன்னும் பாக்கல்ல. முடிவு தெரிஞ்சா மறுகா பாத்து என்ன?

இது வரை வாசித்துவிட்டீர்கள் என்றால் காலம் கடந்துவிட்டது. ஆனாலும் பயப்படவேண்டாம். வட்டக்களரியைச் சுற்றி விடிய விடியக் குந்தியிருந்து கூத்துப் பார்த்த ஊர் இது. அபிமன்யு வீட்டுக்குத் திரும்பமாட்டான் என்று தெரிந்துகொண்டேதான் ஆட்கள் பாயோடு வந்தார்கள். எப்படி ஆடுகிறான் என்று பார்க்கத்தான் வருவது.

ஒரேயொரு எச்சரிக்கை: கறுப்புத் திரை வரும் என்று முதலே தெரிந்தால் அந்தத் திடுக்கிடல் மட்டும் கிடைக்காது. அதை இழக்க விருப்பமில்லாத ஆளுக்கு முன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டாதீர்கள்.

16. மற்ற சீரியலெல்லாம் ஒழுங்கா முடிக்குதே, இவங்களுக்கு மட்டும் என்ன?

ஒழுங்காக முடித்தவர்களும் திட்டு வாங்கியிருக்கிறார்கள். "பிரேக்கிங் பேட்" 2013 செப்டெம்பர் 29இல் முடிந்தது. ஒரு கோடி 3 இலட்சம் பேர் பார்த்தார்கள். எல்லாக் கணக்கையும் தீர்த்து, ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்து முடித்தது. பெரும்பாலானவர்களுக்குத் திருப்தி. சிலர் மட்டும், அந்தப் பாவி இவ்வளவு சுத்தமாகக் கணக்குத் தீர்த்துவிட்டுப் போகலாமா என்றார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னர் முடிந்த "டெக்ஸ்டர்" கொலைகாரனைக் கொல்லாமல் மரம் வெட்ட அனுப்பிவிட்டது. அதற்கு விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

பிரிட்டனில் "லைன் ஒஃப் டியூட்டி" ஆறாம் சீசன் 2021 மே 2இல் முடிந்தபோது ஒரு கோடி 28 இலட்சம் பேர் காத்திருந்தார்கள். வருடக்கணக்கில் தேடிய பெரிய களவாளி, ஒன்றுக்கும் உதவாத ஒரு பொலிஸ் அதிகாரி என்று தெரிந்ததும் "இவனா?" என்று கத்தினார்கள். அந்த முடிவில் தெளிவுக்குக் குறையே இல்லை. அதுதான் குறை என்றார்கள். பார்வையாளரும் இலேசுப்பட்ட ஆட்கள் இல்லை.

17. அடுத்த பாகம் வருமா?

டோனியாக நடித்த கண்டோல்ஃபினி 2013 ஜூன் 19இல் ரோம் நகரில் மாரடைப்பால் இறந்துவிட்டார், வயது 51. அவரில்லாமல் டோனி இல்லை. 2021இல் டோனியின் இளமைக் காலம் பற்றி "த மெனி செயின்ட்ஸ் ஒஃப் நுவர்க்" என்ற திரைப்படம் வந்தது. இளம் டோனியாக நடித்தது அவருடைய சொந்த மகன் மைக்கேல். முகத்தைச் சரித்துச் சிரிக்கும்போது தகப்பனைக் கண்டது போல இருக்கும். படம் சுமார்தான்.

சாப்பாட்டுக் கடை உண்மையான கடை. நியூ ஜெர்சி ப்ளூம்ஃபீல்டில் இருக்கும் ஹோல்ஸ்டன்ஸ், ஐஸ்கிரீமுக்குப் பெயர் போனது. டோனி குடும்பம் இருந்த இருக்கையை 2024இல் ஏலத்தில் விட்டார்கள், 82,600 டொலருக்குப் போனது. எங்கள் இரவல் கதிரைகளுக்கு யாராவது இப்படி விலை சொன்னால் தொலைபேசி எடுங்கள்.

18. திரும்ப ஒருக்கா பாக்கிறதென்டா எங்கயிருந்து தொடங்குற?

86ஐயும் திரும்பப் பார்க்க நேரமில்லாவிட்டால், கடைசி எபிசோட்டுக்கு முன்னால் முதலாம் சீசனின் கடைசி எபிசோட்டைப் போடுங்கள். கடும் புயல் மழை, ஊர் முழுக்கக் கறண்ட் இல்லை. டோனி குடும்பத்தோடு காரில் வந்து ஒரு நண்பனின் உணவகத்தில் ஒதுங்குகிறான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், இருப்பதைச் சமைத்துத் தருகிறார்கள். இப்படியான நல்ல நேரங்களை ஞாபகம் வைத்திருங்கள் என்று டோனி பிள்ளைகளுக்குச் சொல்வான்.

எட்டு வருடம் கழித்து, வெளிச்சமான அந்தச் சாப்பாட்டுக் கடையில், ஏ.ஜே. அதே சொல்லைத் தகப்பனுக்குத் திருப்பிச் சொல்வான். நல்ல நேரங்களை ஞாபகம் வைத்திருக்கச் சொன்னது நீங்கள்தானே என்பான். நானா சொன்னேன் என்று டோனி கேட்பான். சொன்னது அவனுக்கே மறந்துவிட்டது. முதல் தடவை நாங்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை, எல்லாரும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த தடவை மகனின் முகத்தைப் பாருங்கள். கறுப்பு வந்ததும் மெயின் சுவிட்சுக்கு ஓடவேண்டாம், முதலில் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள்.